மருதானையில எடுத்த 'டொக்டர் ஹூ: த பிகினிங்' டிவிடி பெட்டி: வெரிட்டி லம்பேர்ட்டுக்காக வாங்கலாம், ரெண்டாவது டிஸ்க்கைப் பார்த்து வாங்குங்கோ

முதல்லயே சொல்லிடுறன், பிபிசியின்ர விஞ்ஞானக் கற்பனை ரீவித் தொடர் டொக்டர் ஹூவுக்கு நான் விசிறி இல்லை. லண்டனில இருந்து வாற மச்சான்மார் அந்த நீலப் பெட்டி போட்ட ரீஷேர்ட்டோட நிக்கேக்க என்னடா இது கக்கூஸ் பெட்டியோ எண்டு கேட்டு வாங்கிக் கட்டின ஆள் தான் நான். இந்தப் பெட்டிய வாங்கினது ஒரே ஒரு பேருக்காக. பின்பக்கம் சின்ன எழுத்தில அந்தத் தொடரின்ர முதல் புரொடியூசர் வெரிட்டி லம்பேர்ட்டின்ர பேர் கிடந்தது, நான் அதைக் கண்டுதான் கையில எடுத்தன்.

வாங்கின கதை இதுதான். தங்கச்சிக்கு ஏ.எல். பாஸ்ட் பேப்பர் தேடி மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில பழைய புத்தகக் கடை வரிசைக்குப் போனனாங்கள். ஒரு கடையில புத்தகத்துக்கு நடுவில ஒரு பிஸ்கட் மட்டைப் பெட்டி நிறைய டிவிடி, யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணேக்க தட்டிவிட்டதாக்கும், எல்லாம் ஒரிஜினல். நான் கிண்டிக்கொண்டு நிக்க கடை நானா வந்து "மகள் டொக்டருக்கா படிக்கிறீங்க?" எண்டு கேட்டார். இல்லை எண்டன். "பரவாயில்ல, இது டொக்டர்மார்ட படம் தான், வெள்ளக்காரன்ட, எடுத்துட்டுப் போங்க, ரெண்டாயிரம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு பேரம் பேசி ஆயிரத்து இருநூறுக்கு முடிச்சன். டிஸ்க் எல்லாம் நல்லமா எண்டு கேட்டதுக்கு கண்ணாடி மாதிரி எண்டார். கண்ணாடி மாதிரித்தான் இருந்தது, கீறல் விழுந்த கண்ணாடி. அதுக்குப் பிறகு வாறன்.

வாங்க முதல் யோசிக்க வேண்டிய விஷயம் ஒண்டு இருக்கு. டிவிடிக்கு ரீஜன் எண்டு பிரதேசத்துக்குப் பிரதேசம் ஒரு பூட்டு இலக்கம் இருக்கு, லண்டன் டிஸ்க் ரீஜன் 2, எங்கட நாடு ரீஜன் 5. புறக்கோட்டையில வாங்கின மலிவு பிளேயர் எங்கட வீட்டில எட்டு வருஷமா இருக்கு, அது ரீஜனும் பார்க்காது ஒண்டும் பார்க்காது, தோசைக்கல்லைப் போட்டாலும் பாடும். பெரிய கொம்பனிப் பிளேயர் வச்சிருக்கிறவைக்குத் தான் தலையிடி. லப்டொப்பில போடுறதெண்டா கவனம், ரீஜனை மாத்தவா எண்டு கேக்கும், அஞ்சு தரம் மட்டும்தான் மாத்த விடும், பிறகு அப்படியே பூட்டிக்கொள்ளும். படம் PAL எண்ட ரீவி முறை, அங்கயும் இங்கயும் ஒண்டுதான், அதில பிரச்சினை இல்லை.

இனி ஏன் இந்த மனுசிக்காக வாங்கினன் எண்டு சொல்லோணும். நான் கொழும்பில விளம்பரப் படம் எடுக்கிற இடமொண்டில புரொடக்ஷனில வேலை. இந்த வேலை என்ன எண்டு வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டில ஒருத்தருக்கும் விளங்காது. நீ நடிக்கிறியா? இல்லை. கமெரா பிடிக்கிறியா? இல்லை. டைரக்ட் பண்ணுறியா? இல்லை. அப்ப என்னத்துக்குக் காசு தாறாங்கள்? எங்கட ஆக்களுக்கு தயாரிப்பாளர் எண்டா சினிமாவுக்குக் காசு போடுற முதலாளி, வெள்ளை வேட்டி கட்டி பூசைக்குத் தேங்காய் உடைக்கிறவர். ஆனா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஆக்களுக்கு இன்னொரு அர்த்தமும் தெரிஞ்சிருக்கும், நாடகம் முடிய தயாரிப்பு எண்டு ஒரு பேர் சொல்லுவினமே, சானா எண்டு எல்லாரும் கூப்பிட்ட சண்முகநாதன் மாதிரி ஆக்கள். மாசச் சம்பளத்துக்கு இருந்து எழுதுறவரையும் நடிக்கிறவையையும் பிடிச்சு, சண்டையைத் தீர்த்து, சொன்ன நேரத்துக்கு ஒலிபரப்புக்குக் குடுக்கிற ஆள். பிபிசியில புரொடியூசர் எண்டா அந்த ரெண்டாவது சாதி. லம்பேர்ட்டும் அதுதான்.

அவ 1935 நவம்பர் 27 லண்டனில பிறந்தவ, யூதக் குடும்பம், அப்பா கணக்காளர். ரோடீன் எண்டு பெரிய இடத்துப் பெட்டையள் படிக்கிற போர்டிங் ஸ்கூல், பிறகு பாரிஸ் சோர்போனில ஒரு வருஷம், பிறகு டைப்பிங்கும் ஷோர்ட்ஹாண்டும். முதல் வேலை கென்சிங்டனில ஒரு ஹோட்டலில மெனு டைப் அடிக்கிறது, பிரெஞ்சு தெரியும் எண்டதால கிடைச்சதாம். பிறகு கிரனாடா ரீவியில பத்திரிகைத் தொடர்புப் பக்கம் செக்ரட்டரி, ஆறு மாசத்தில வேலையால நிப்பாட்டிப் போட்டினம். பிறகு ஏபிசி எண்ட ரீவிக் கொம்பனியில ஷோர்ட்ஹாண்ட் டைப்பிஸ்ட். அங்க இருந்து ஏறி ஏறி 'ஆர்ம்செயார் தியேட்டர்' எண்ட நேரடி நாடக நிகழ்ச்சிக்கு புரொடக்ஷன் அசிஸ்டன்ட். அப்பெல்லாம் நாடகம் லைவ். நடிக்க நடிக்க ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும்.

1958 நவம்பர் 30, ஒரு லைவ் நாடகம் போய்க்கொண்டிருக்கேக்க நடிகர் கரெத் ஜோன்ஸ் ரெண்டு காட்சிக்கு நடுவில மாரடைப்பு வந்து செத்துப்போனார். வயசு 33 தான். நாடகம் நிக்கேல்ல. டைரக்டர் டெட் கொட்செஃப் கீழ ஓடிப்போய் மிச்ச நடிகர்மாரிட்ட இந்த வசனத்தை நீ சொல்லு அந்த வசனத்தை விடு எண்டு பிரிச்சுக் குடுக்க, மேல கண்ட்ரோல் ரூமில இருந்து கமெராவை மாத்தி மாத்திப் படத்தை ஓட்டினது லம்பேர்ட். 23 வயசு ஆகி மூண்டு நாள். போன வருஷம் எங்கட ஷூட்டிங்கில ஜெனரேட்டர் நிண்டு நாப்பது நிமிஷம் கரண்ட் இல்லாம இருந்ததுக்கே நான் பாத்ரூமுக்குள்ள போய் அழுதனான், அதான் சொல்லுறன்.

மேல ஏறுறதுக்கு வழி இல்லை எண்டு 1961இல நியூயோர்க் போய் ஒரு வருஷம் டேவிட் சஸ்கைண்ட் எண்ட தயாரிப்பாளரிட்ட வேலை செய்து, திரும்பி வந்து பழைய ஏபிசியில பழைய கதிரையில இருந்தா. அப்பதான் ஏபிசியில அவவின்ர மேலதிகாரியா இருந்த சிட்னி நியூமன், கனடாக்காரர், பிபிசிக்கு நாடகப் பகுதித் தலைவராப் போனவர், ஆளைக் கூப்பிட்டார். 1963 ஜூனில பிபிசிக்குள்ள போறா, வயசு 27, அப்ப அங்க நாடகத் தயாரிப்பாளருக்குள்ள பெண் எண்டு இருந்தது இவ மட்டும், வயசிலயும் ஆகக் குறைஞ்சவ. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையளும் பெரியாக்களும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு தொடர் வேணும், இந்தா பிடி எண்டு குடுத்தது தான் டொக்டர் ஹூ.

இப்ப டிஸ்க்குக்கு வருவம். பெட்டிக்குள்ள மூண்டு கதை, மொத்தம் 13 எபிசோட், எல்லாம் 25 நிமிஷம், கறுப்பு வெள்ளை. முதலாவது டிஸ்க் 'ஆன் அன்எர்த்லி சைல்ட்', நாலு எபிசோட். ஆனா இந்தப் பெட்டியின்ர உண்மையான பெறுமதி அதில இல்லை, கூடவே போட்டிருக்கிற பைலட்டில, அதாவது முதல் எபிசோட்டை முதல் தரம் எடுத்துப் பார்த்ததில தான் இருக்கு. என்ன நடந்ததெண்டா முதல் எபிசோட்டை 1963 செப்டம்பர் 27 எடுத்தவை. நியூமன் பார்த்திட்டு இது சரிவராது, திருப்பி எடு எண்டுட்டார். ஒக்டோபர் 18 அதே கதை, அதே நடிகர், முழுக்கத் திருப்பி எடுத்தது. அதுதான் நவம்பர் 23 ஒளிபரப்பானது. ரெண்டும் இந்த டிஸ்க்கில இருக்கு. நான் ஒரு போயா லீவு நாள், வெளியில மழை, பிளேன்டீயும் மாலு பணிஸும் வச்சுக்கொண்டு, பைலட்டைப் பார்த்து முடிச்ச கையோட மற்றதைப் போட்டன்.

அப்பா, என்ன வித்தியாசம். பைலட்டில டொக்டரா வாற அந்தக் கிழவர், வில்லியம் ஹார்ட்னல், சாதாரண கோட்டும் டையும் போட்டு பக்கத்து வீட்டுச் சிடுமூஞ்சி மாதிரி நிக்கிறார், கதைக்கிற விதத்தில நல்லது கெட்டது தெரியாத ஒரு கொடூரம். பிள்ளையள் பயந்து ஓடும். புதுசில அதே மனுசன் பழைய காலத்து உடுப்பு, கழுத்தில சால்வை, அதே திமிர் தான் ஆனா கண்ணுக்குள்ள ஒரு குறும்பு. பேத்தி சூசன் பைலட்டில நாப்பத்தொன்பதாம் நூற்றாண்டில பிறந்தன் எண்டு நேர சொல்லிடுறா, புதுசில அதையே வேற காலம் வேற உலகம் எண்டு மழுப்பி விட்டிருக்கினம், அந்த மழுப்பலில தான் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. பைலட்டில அவை காலம் தாண்டிப் போற கப்பலின்ர (வெளியில அந்த நீலப் பெட்டி தான்) கதவு சரியா மூடுதில்லை, வசனம் போய்க்கொண்டிருக்க பின்னால டொம் டொம் எண்டு அடிக்குது. அந்தச் சத்தத்தை நான் மூண்டு தரம் ரிவைண்ட் பண்ணிக் கேட்டன். எந்த செட்டிலயும் ஒரு கதவு இருக்கும், எல்லாருக்கும் தெரியும் அது மூடாதெண்டு, ஒருத்தரும் சொல்ல மாட்டினம்.

இதைத்தான் அம்மாவைக் கூப்பிட்டு இருத்திக் காட்டினன். அம்மா, எழுதினவர் ஒண்டுதான், டைரக்டர் ஒண்டுதான், நடிகர் ஒண்டுதான், ரெண்டுக்கும் இடையில மூண்டு கிழமை. அந்த மூண்டு கிழமைக்குள்ள எல்லாரையும் கூட்டி வச்சு எது பிழை எண்டு பிரிச்சு, உடுப்பை மாத்து, வசனத்தை மாத்து, கதவைத் திருத்து, மேல இருக்கிறவரையும் சமாளி, இவ்வளவத்துக்கும் பொறுப்பா நிக்கிறது தான் புரொடியூசர். அம்மா பார்த்திட்டு, அப்ப கலியாண வீட்டில உன்ர பெரியம்மா செய்யிற வேலை எண்டா. ஓம், கிட்டத்தட்ட அதுதான், சம்பளத்தோட.

டைரக்டர் ஆர் எண்டு பார்த்தா வாரிஸ் ஹுசேன், லக்னோவில பிறந்த பெடியன், அப்ப 24 வயசு, இந்தியாவில இருந்து வந்து பிபிசியில நாடகம் டைரக்ட் பண்ணின முதல் ஆள். 27 வயசுப் பெட்டையும் 24 வயசு பிரவுண் பெடியனும், சுத்திவர டையும் பைப்புமா பழைய ஆம்பிளையள். இவைக்குக் குடுத்த ஸ்டூடியோ லைம் குரோவ், 1915இல சினிமாவுக்குக் கட்டின பழைய கட்டிடம், சின்ன இடம், லைட் போட்டா அவியும். ஒரு எபிசோட்டுக்கு 2,300 பவுண் அளவில தான் காசு. கிழமைக்கு ஒண்டு, வெள்ளிக்கிழமை இரவில கிட்டத்தட்ட நேரடி மாதிரியே நிப்பாட்டாம எடுக்கோணும், வெட்டி ஒட்டுறதுக்குப் பெரிசா விடமாட்டினம். அதனால தான் ஹார்ட்னல் வசனம் தடுமாறுறதெல்லாம் அப்படியே இருக்கு, அது பிழை எண்டு நினைச்சுக் கொமெண்ட் போடுற ஆக்களுக்கு இது தெரியாது.

பைலட்டுக்கு லம்பேர்ட்டும் ஹுசேனும் சேர்ந்து இருந்து கதைக்கிற கொமெண்டரி ஒண்டு இருக்கு. நான் இதைப் படத்தைப் பார்க்காம கண்ணை மூடிக்கொண்டு கேட்டன். ரெண்டு பேரும் வயசு போன பிறகு பதிஞ்சது, பழைய ஆபீஸ் கூட்டாளியள் ரெண்டு பேர் கன காலத்துக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில கண்டு கதைக்கிற மாதிரி. அவவின்ர குரல் நல்ல கனமான குரல், பெரிய சிரிப்பு இல்லை, தன்னைத்தானே தூக்கிப் பிடிக்கிற சாடையும் இல்லை.

ஒளிபரப்பான நாளையும் பாருங்கோ, 1963 நவம்பர் 23 சனிக்கிழமை. முதல் நாள் தான் கென்னடியைச் சுட்டது. ஊர் முழுக்க அந்தக் கதை, ஆர் பிள்ளையளின்ர நாடகத்தைப் பார்க்கிறது, 44 லட்சம் பேர் தான் பார்த்தவை. அடுத்த கிழமை ரெண்டாவது எபிசோட்டுக்கு முதல் முதலாவதைத் திருப்பிப் போட்டினம். முதல் எபிசோட் நல்லம், மிச்ச மூண்டும் குகை மனிசர் நெருப்புக்கு அடிபடுற கதை, உண்மையைச் சொல்லுறன், எனக்கு நித்திரை.

ரெண்டாவது டிஸ்க் தான் சாமான். டாலெக் எண்ட தகரக் கூட்டு வில்லன்மாரின்ர கதை, ஏழு எபிசோட். இது எடுக்கவே கூடாதெண்டு மேல இருந்தவை நிண்டவை. நியூமன் ஆரம்பத்திலேயே சொல்லிட்டார், பூச்சிக்கண் ராட்சதர் ஒண்டும் வேண்டாம், பிள்ளையளுக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் விளங்கப்படுத்துற நிகழ்ச்சி இது எண்டு. டெரி நேஷன் எழுதின கதை வந்ததும் தொடர்ப் பகுதித் தலைவர் டொனால்ட் வில்சன் இதைத் தூக்கி எறிஞ்சிட்டு வேறயைப் போடு எண்டிட்டார். லம்பேர்ட் சொன்ன மறுமொழி எனக்கு நல்லா விளங்கும், வேற ஒண்டும் ரெடியா இல்லை, இதை விட்டா சனிக்கிழமை போடுறதுக்கு ஒண்டும் கிடையாது. கலை அது இதெண்டு வாதாடேல்ல பாருங்கோ. திகதியைக் காட்டி வெண்டிட்டா. எடுத்தா, போட்டா, 1964 பெப்ரவரி முதலாம் திகதி கதை முடியேக்க பார்த்தது ஒரு கோடியே நாலு லட்சம் பேர். அதோட வில்சன் உனக்கு என்னை விட இந்த நிகழ்ச்சியைத் தெரியுது, இனி நான் தலையிட மாட்டன் எண்ட மாதிரி ஒதுங்கிட்டாராம். இப்படி ஒரு மேலதிகாரி எனக்கு வாய்க்கோணும் எண்டு வைரவருக்கு வடைமாலை நேர்ந்திருக்கு.

டாலெக்கை வடிவமைச்சவர் ரேமண்ட் குசிக், பிபிசியில சம்பளத்துக்கு இருந்த டிசைனர். கை எண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதை உத்துப் பாருங்கோ, குசினி சிங்க் அடைச்சா அமத்தி இழுக்கிற ரப்பர் கப் தான் அது. முதல் தரம் அதைக் காட்டேக்க முழு டாலெக்கும் வராது, அந்தக் கப் மட்டும் கமெராவை நோக்கி வரும், பெட்டை சுவரோட ஒட்டி நிண்டு கத்துவா, எபிசோட் முடிஞ்சுது. அஞ்சு சதத்துச் சாமானை வச்சு ஒரு நாட்டையே கதிரைக்குப் பின்னால ஒளிக்க வச்சிருக்கினம். கதை எழுதினவருக்கு டாலெக் பொம்மையள் வித்துக் கொள்ளைக் காசு, குசிக்குக்கு ஒரு சின்ன வெகுமதி மட்டும். எங்கயும் உதே கதை தான்.

எங்கட அப்பம்மா, 84 வயசு, இங்கிலீஷ் ஒரு சொல்லு விளங்காது, முதல் டிஸ்க்குக்கு எட்டியும் பார்க்கேல்ல, டாலெக் குரலைக் கேட்டதும் அறைக்குள்ள இருந்து எழும்பி வந்து கதிரையைப் போட்டுட்டா. "உந்தத் தகர டின் எல்லாம் என்ன பிள்ளை கத்துது, உள்ள ஆள் இருக்கோ?" இருக்கு அப்பம்மா, உள்ள ஒரு மனிசன் இருந்து தள்ளுறார். "பாவம், வேர்க்குமெல்லோ." நாலு எபிசோட் ஒரே இருப்பில. நான் பக்கத்தில இருந்து தமிழில சொல்லச் சொல்ல அவ கேட்டுக்கொண்டிருந்தா, ரயில் போற நேரம் மட்டும் போஸ் பண்ணுவம், மரீன் டிரைவ் பக்கம் வீடெண்டா அது பழகிடும். அஞ்சாவது எபிசோட், ஆக்கள் மலைக்கும் சேத்துக்கும் பின்பக்கத்தால டாலெக்கின்ர நகரத்துக்குப் போக வெளிக்கிடுற கட்டம், படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, கிர்ர்ர் எண்டு நிண்டுட்டுது. கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தா நகத்தால கீறின மாதிரி ஒரு கோடு. பற்பசை போட்டுத் தேய்ச்சுப் பார்த்தன், வாழைப்பழத்தோல் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தன், யூடியூப்பில சொல்லுற எல்லா விசர் வேலையும் செய்தாச்சு. ஆறும் ஏழும் ஓடுது, அஞ்சு ஓடாது. கடையில வச்சே பார்க்காதது என்ர பிழை தான், நானாவிட்டத் திருப்பிக் கொண்டுபோனா பேப்பர் கட்டோட பண்டமாற்று பேசுவார்.

படத் தரம் பற்றி ஒரு வசனம் சொல்லியாகோணும், 60 வருஷத்துக்கு முந்தின சாமானுக்கு இது நம்பேலாத அளவு துப்புரவு. இந்த நாடகங்கள் வீடியோ டேப்பில எடுத்தது, டேப் விலை கூட எண்டு பிபிசி அழிச்சுப்போட்டு மேல வேற நிகழ்ச்சி பதிஞ்சது. வெளிநாட்டுக்கு விக்கிறதுக்கு எண்டு 16 மில்லிமீற்றர் பிலிமில எடுத்து வச்ச பிரதி தான் மிஞ்சினது. அந்தப் பிலிமைத் துடைச்சு, கீறல் எடுத்து, கம்ப்யூட்டரால அசைவைத் திருப்பி வீடியோ மாதிரி வழுக்கிக்கொண்டு போறதா மாத்தியிருக்கினம். முகமெல்லாம் நேற்று எடுத்த மாதிரி. அழிஞ்ச எபிசோட் சிலது பிறகு ஹொங்கொங்கில 1992இல, நைஜீரியாவில 2013இல எண்டு கண்டுபிடிச்சிருக்கினம். பழைய ரூபவாஹினி ஸ்டோரில ஒண்டு கிடக்குமோ எண்டு ஒரு பைத்தியக்கார ஆசை எனக்கும் வந்தது, ஆனா எங்கட நாட்டுக்கு ரீவி வந்ததே 1979இல, ஆர் எங்களுக்கு 63ஆம் ஆண்டில நாடகம் அனுப்புறது. ஹுசேன் பெரும்பகுதியை எடுத்த 'மார்க்கோ போலோ' ஏழு எபிசோட்டும் அப்படி அழிஞ்சது தான். அதுக்கு மிஞ்சின ஃபோட்டோவையும் அந்தக் காலத்தில வீட்டில ரீவிக்கு முன்னால டேப் வச்சுப் பதிஞ்ச ஒலியையும் வச்சு அரை மணித்தியாலத்துக்குச் சுருக்கி மூண்டாவது டிஸ்க்கில போட்டிருக்கினம். பார்க்கேக்க வயிறு எரியும், செட்டும் உடுப்பும் அவ்வளவு வடிவு.

மூண்டாவது டிஸ்க்கில மற்றது ரெண்டு எபிசோட் கதை, நாலே நாலு நடிகர், கப்பலுக்குள்ளயே முழுக்க. காசு முடிஞ்சுது, புது செட் போட ஏலாது, இருக்கிற செட்டுக்குள்ளயே ஏதாவது செய் எண்டு எடுத்தது. அப்படி எடுத்ததில தான் பாத்திரங்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பத் தொடங்கினது. இதில சூசன் கத்தரிக்கோலால படுக்கையைக் குத்துற காட்சி ஒண்டு இருக்கு, அதுக்கு பிபிசிக்குள்ளயே முறைப்பாடு வந்தது, பிள்ளையள் பார்த்து அதே மாதிரிச் செய்தா என்ன எண்டு. லம்பேர்ட் பிழையை ஒத்துக்கொண்டவ.

இந்தப் பெட்டியில எனக்கிருக்கிற பெரிய குறை, இது 1963க்கும் 64க்கும் இடையில நிண்டுடுது. அவ 65இல டொக்டர் ஹூவை விட்டுட்டுப் போன பிறகு செய்தது தான் கனக்க. சொமர்செட் மோம் கதைகளை நாடகமாக்கி 1969இல பாஃப்டா எண்ட பிரிட்டிஷ் திரைப்பட, ரீவி விருது. 1974இல தேம்ஸ் ரீவிக்கு நாடகத் தலைவர். பிபிசி வேண்டாம் எண்டு தள்ளின 'த நேக்கட் சிவில் சேர்வன்ட்' கதையை, ஒரு ஓரினச்சேர்க்கையாளர் ஒளிக்காம வாழ்ந்த வாழ்க்கைக் கதை, 1975இல தேம்ஸில எடுக்க வச்சவ, ஜோன் ஹேர்ட் நடிச்சது. 'ரம்போல் ஒஃப் த பெய்லி'யும் அப்படி, பிபிசி இழுத்தடிக்க இவ தூக்கிக்கொண்டு போனா. பிறகு யூஸ்டன் ஃபிலிம்ஸில 'மைண்டர்', 'விடோஸ்'. 85இல சொந்தக் கொம்பனி, பேர் சினிமா வெரிட்டி, தன்ர பேரையே பகிடியா வச்சது. அதில 'ஜி.பி.எச்.', பிறகு 'ஜொனதன் கிரீக்'குக்கு ரெண்டாவது சீசனில இருந்து தயாரிப்பு. மெரில் ஸ்ட்ரீப் நடிச்ச ஒஸ்திரேலியாப் படத்துக்கும், டிங்கோ நாய் பிள்ளையைத் தூக்கின கதை, இவதான் தயாரிப்பாளரில ஒருத்தர்.

விழுந்ததும் இருக்கு. 1992இல ஸ்பெயினில போய் முழு ஊரையே செட்டாக் கட்டி 'எல்டொராடோ' எண்டு கிழமைக்கு மூண்டு நாள் போற சீரியல். வீட்டுக்குள்ள கதைச்சா எதிரொலி, புது நடிகர்மாருக்கு நடிக்க வராது, பத்திரிகையள் கிழிச்சுத் தோரணம் கட்டினது. ஒரு வருஷத்தில மூடிட்டினம். தொடக்கத்தில அவசரப்படுத்தினது தான் காரணம் எண்டு கன பேர் சொல்லுவினம், எனக்கு அது நூறு வீதம் நம்பக்கூடிய காரணம். திகதியைக் காட்டி ஒருக்கா வெல்லலாம், அதே திகதி இன்னொருக்கா ஆளை அடிக்கும். இதைப் பற்றி அவவே இருந்து கதைக்கிற ஒரு மணித்தியாலம் ஆராவது டிஸ்க்கில போட்டிருந்தா நான் முழு விலை குடுத்து வாங்குவன்.

2002இல ஓபிஈ பட்டமும் பாஃப்டாவின்ர கௌரவ விருதும். 2007 நவம்பர் 22 செத்துப்போனா, 72 வயசுக்கு அஞ்சு நாள் இருக்கு, டொக்டர் ஹூ தொடங்கி 44 வருஷம் ஆக ஒரு நாள் இருக்கு. 2013இல அம்பது வருஷ நிறைவுக்கு பிபிசி இந்தத் தொடக்கக் கதையையே நாடகப் படமா எடுத்தது, ஜெசிக்கா ரெய்ன் இவவா நடிச்சவ. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பேரே தெரியும். ஆனா அதைப் பார்த்தவை இந்தப் பெட்டியையும் பாருங்கோ, நாடகத்தில எல்லாம் ஒரு வசனத்தில வெண்டு முடியுது, பைலட்டில அந்தக் கதவு அடிக்கிற சத்தம் அதில கேக்காது.

ஒன்லைனில பார்க்கலாம் தானே எண்டு கேப்பியள். பிபிசி ஐபிளேயர் பிரிட்டனுக்கு வெளியில வேலை செய்யாது. அங்க இருக்கிறவைக்கும் 2023 நவம்பரில 800க்கு மேல எபிசோட்டை ஒண்டாப் போடேக்க இந்த முதல் நாலு எபிசோட் மட்டும் வரேல்ல, எழுதினவரின்ர குடும்பத்தோட உரிமைச் சிக்கல். அதனால டிஸ்க் கையில இருக்கிறவை குடுத்து வச்சவை, தூக்கி எறியாதேங்கோ. இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கு, அதோட தயாரிப்புத் தகவல் எழுத்தில ஓடுற ஒரு தெரிவும் இருக்கு, அதை ஒன் பண்ணிப் பாருங்கோ, என்னை மாதிரி ஆக்களுக்கு அது சீனி.

ஆயிரத்து இருநூறுக்கு எனக்கு லாபம் தான். நாலரை நட்சத்திரம் குடுத்திருப்பன், அரையைக் கீறலுக்கு வெட்டி நாலு. ரெண்டாவது டிஸ்க் கீறல் இல்லாம ஆரிட்டயாவது இருந்தா சொல்லுங்கோ, வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கமெண்டா நானே ஓட்டோவில வந்து வாங்கி ரெண்டு நாளில திருப்பித் தாறன். அஞ்சாவது எபிசோட்டில என்ன நடந்ததெண்டு நான் ஒரு கதை கட்டிச் சொன்னனான், அப்பம்மா நம்பேல்ல, ஒவ்வொரு நாளும் பின்னேரம் தேத்தண்ணியோட வந்து அந்தத் தகர டின்னுகள் என்ன செய்தது எண்டு கேக்கிறா.